35 போதுமாம்! யாருக்கு?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு நாட்டில் கிளம்புகிறது. தறி ஓட்டுபவர் மகனுக்கும் நாற்று நடுபவர் மகளுக்கும் ஆங்கிலம் எங்கே வரப்போகிறது? பாடத்துணைவனை உருப்போட்டு, 35 வாங்கித் தேறினால் போதாதா? இப்படிப் பேசுவோர் யார்? தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கில நூல்களை அடுக்கடுக்காக வாங்கித் தருவோர்!

தோழர்களே! இந்தப் பேச்சைக் கேட்டால் இரக்கம் போலத் தோன்றும். ஏமாறாதீர்கள். இரக்கத்தின் உடை அணிந்து வரும் இறுமாப்பு இது.

1835 இல் மெக்காலே எழுதிய குறிப்பை நினைவுகூருங்கள். மக்கள் அனைவருக்கும் கல்வி தருவது இயலாது. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவே நின்று பேச ஒரு வகுப்பார் உருவானால் போதும் என்றார் அவர். அந்த ஆட்சி 1947 இல் ஒழிந்தது. ஒரு வகுப்பாருக்கு மட்டும் போதும் என்ற எண்ணம் ஒழிந்ததா? 1968 இல் தமிழகச் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் என இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்தது. அந்த இரண்டில் ஒன்றை உருப்போடும் ஓசையாக மட்டும் கொடுத்தால், ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பது இருமொழியா? ஒன்றேகால் மொழி!

உருப்போட்டால்தானே தேறுகிறான், தேறாவிட்டால் பள்ளியை விட்டே நின்றுவிடுவானே என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே, தேற வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. ஆனால் வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். செய்யுளையும் உரைநடை வினாவையும் உருப்போடலாம். கடிதம், விளம்பரம், படத்தைக் கண்டு எழுதுதல், பிழை திருத்துதல், படித்தறிந்து விடை தருதல் ஆகியவற்றை எப்படி உருப்போடுவது? காணாமற்போன மிதிவண்டியைப் பற்றிய கடிதத்தை மனப்பாடம் செய்தவன், எரியாத தெருவிளக்கைப் பற்றி எழுதச் சொன்னால் மிதிவண்டியையே தேடிக்கொண்டிருப்பான்! சொந்தமாகப் பத்து வாக்கியம் எழுதத் தெரிந்தவனோ எந்த வினாவுக்கும் அஞ்சமாட்டான்.

அவனுக்கு மூளை இல்லை என்கின்றனர். மூளைக்குறையா காரணம்? இரு மொழிகளின் அமைப்பே வேறு. தமிழில் வினைச்சொல் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் நடுவிலே நிற்கும். தமிழில் பெயருக்கு முன் ‘தி’யும் ‘ஏ’யும் இல்லை. ‘வருகிறேன் என்றான்’ என்று சொன்னவன் சொல்லை அப்படியே வைத்து ‘என்று’ சேர்த்தால் நமக்கு வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அதை அயற்கூற்றாக மாற்றினால் ‘நான்’ ‘அவன்’ ஆக வேண்டும், காலமும் மாற வேண்டும். பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் இவையே. இவற்றைத் தமிழிலேயே விளக்கிச் சொன்னால் ஒரே மாலையில் விளங்கும். விளக்காமல் விதியை மட்டும் ஒப்புவிக்கச் சொல்லிவிட்டு, விளங்காதவனை மந்தன் என்பது எந்த ஊர் நீதி?

தாளின் மீதும் நமக்குக் குறை உண்டு. அந்த 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. வாய்திறந்து பேசவும், காதால் கேட்டறியவும் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. மதிப்பெண் இல்லாததை வகுப்பறை மறந்துவிடுகிறது. வசதி படைத்தவன் வீட்டிலே பேசிப் பழகிக்கொள்கிறான். ஏழை வீட்டுப் பிள்ளை பத்தாண்டு படித்தும் நேர்முகத் தேர்வில் நாக்குழறி நிற்கிறான். பேச்சுக்கும் கேட்டலுக்கும் தேர்வில் இடம் வேண்டும் என்று கேட்போம், உரத்துக் கேட்போம்.

கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்கலாமா? ஊர்தோறும் நம் படிப்பகம் இருக்கிறது. பட்டம் பெற்ற தோழர்கள் இருக்கின்றனர். மாலையில் ஒரு மணி நேரம் போதும். முதல் கால் மணி, பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த கால் மணி, அன்று கண்டதையும் செய்ததையும் ஐந்து வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். எஞ்சிய அரை மணி, அவற்றையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதைப் பற்றியே கடிதம் எழுதட்டும். தேர்வுக்கும் ஆயிற்று, ஊருக்கும் ஆயிற்று! பிழைகளை ஒரு தனி ஏட்டில் குறித்து, மறுநாள் அதிலிருந்தே தொடங்குங்கள். ஞாயிறுதோறும் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். ஒன்று மட்டும் மறவாதீர்: தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அந்தப் பிள்ளை ஒராண்டு வாய் திறக்கமாட்டான்.

மேடையில் சமத்துவம் முழங்குவது எளிது. பதினைந்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, ‘ஹி கோ’ அன்று, ‘ஹி கோஸ்’ என்று பத்தாவது முறையும் பொறுமையோடு சொல்வது கடினம். அந்தக் கடினமான வேலைதான் கட்சி வேலை. 35 போதும் என்பவர் தம் பிள்ளைக்கு அதைச் சொல்வாரா? சொல்லமாட்டார். நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? இன்று மாலையே படிப்பகத்தின் கதவைத் திறந்து விளக்கை ஏற்றுங்கள், தோழர்களே!