மருந்துன்னு எழுதாதீங்க, விளைஞ்ச கதையை எழுதுங்க

எந்த இயற்கை உழவர் கூட்டத்துக்குப் போனாலும் கடைசியில் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "விளைய வெச்சுட்டோம்ங்க, விக்கிறதுதான் பெரும்பாடா இருக்கு." மாப்பிள்ளைச் சம்பா மூட்டையாக அடுக்கிக் கிடக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய் கேனில் நிற்கும். வியாபாரி வந்தால் சாதா நெல்லு விலைக்குத்தான் கேட்பார். வேறு வழியில்லாமல் நம்மில் பலர் நெல்லை அரிசியாக்கி, அவலாக்கி, மாவாக்கி, கடலையை எண்ணெயாக்கி வீட்டிலிருந்தே நேரடியாக விற்க இறங்கியிருக்கிறோம். நல்ல முடிவுதான். விளைவித்தவர் கையிலேயே விலையும் இருக்க வேண்டும்.

விற்க வேண்டும் என்றால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதுக்காக முகநூலில் எழுதுறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புறோம், சிலர் சொந்தமாக இணையப் பக்கமே வைத்திருக்கிறார்கள். சரி, அதில் என்ன எழுதுறோம்? "மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரை நோயைக் குணமாக்கும்." "கருப்புக் கவுனி புற்றுநோயை விரட்டும்." யாரோ எப்போதோ எழுதியதை அப்படியே எடுத்து, அடியில் நம்ம செல்பேசி எண்ணைப் போட்டு அனுப்பி விடுகிறோம். பத்து பேர் அனுப்புகிற பத்துப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எண்ணைத் தவிர வேறு எதுவும் மாறியிருக்காது.

இந்த எழுத்தை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. எழுதுவதையே நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் நிறைய எழுதணும். ஆனால் நோயைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு, நம்ம வயலைப் பற்றியும் நம்ம கை வேலையைப் பற்றியும் எழுதணும்.

நோயாளி கையில் நம்ம எழுத்து

தவிடு நீக்காத பாரம்பரிய அரிசி நல்ல உணவு. நார்ச்சத்து இருக்கு, பசி தாங்கும், வெள்ளையாகத் தீட்டிய அரிசியை விட மெதுவாகச் செரிக்கும். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதுவும் அரிசிதான், அதிலும் மாவுச்சத்துதான் அதிகம். அளவு மீறிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். "குணமாக்கும்" என்று நாம் எழுதியதை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? காலில் புண் வரும், கண் போகும், சிறுநீரகம் கெடும். நஞ்சில்லாத சோறு கொடுக்க வேண்டும் என்றுதான் நாம் இந்தப் பாதைக்கு வந்தோம். நம்ம எழுத்தே ஒருத்தருக்கு நஞ்சாகி விடக் கூடாது.

சட்டமும் இருக்கு. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே ஒரு மத்திய சட்டம் வந்துவிட்டது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, தவறான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. இணையத்தில் எழுதினாலும் விளம்பரம் விளம்பரம்தான். பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் இருப்பார். நமக்கு யாருங்க இருக்கா?

'இயற்கை', 'ஆர்கானிக்' என்ற சொற்களுக்கும் 2017இல் விதிமுறை வந்தது. சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிதழ் விஷயத்தில் விலக்கு உண்டு. ஆனால் சான்று இல்லாமல் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போடக் கூடாது. கடை வழியாக விற்பனைக்குப் போவதாக இருந்தால், பங்கேற்பு உத்தரவாத முறை என்கிற பி.ஜி.எஸ். சான்றோ, மூன்றாம் தரப்புச் சான்றோ வேண்டும். எண்ணெய், மாவு, அவல் என்று மதிப்புக்கூட்டி விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போடணும். எழுதும்போதும் அந்த எண்ணைச் சேர்த்தே எழுதுங்க. பத்து மருத்துவக் குணத்தை விட அந்த ஒரு எண் நம்பிக்கை தரும்.

அப்போ எதைத்தான் எழுதறது?

1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது வாங்குறவரும் விளைவித்தவரும் நேருக்கு நேர் நின்றார்கள். "எப்பம்மா பறிச்சது? மருந்து அடிச்சியா?" என்று கேட்டு, முகத்தைப் பார்த்து வாங்க முடிந்தது. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து பார்சலில் வாங்குறவருக்கு அது முடியாது. அவர் நேரில் என்ன கேட்பாரோ, அதுக்கான பதிலை நாம் எழுதி வைக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கேள்விகள் நமக்குப் புதுசும் இல்லை. தினமும் போனில் கேட்கிறதுதான். கருப்புக் கவுனி ஏன் வேகவே மாட்டேங்குது? ஊறவைத்த தண்ணி ஊதாவா மாறுதே, சாயம் போட்டீங்களா? அரிசியில் வண்டு வந்துடுச்சே? எண்ணெய் ஏன் நுரைக்குது, அடியில் ஏன் மண்டி நிக்குது? கடையில் இருக்கிற எண்ணெயை விட விலை ஏன் இவ்வளவு கூட? ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரை.

கவுனியையே எடுத்துக்குங்க. ராத்திரி ஊறப் போட்டால்தான் காலையில் ஒழுங்காக வேகும். ஊதா நிறம் அரிசியின் மேல்தோலில் இயல்பாகவே இருக்கிற நிறமி. ஊறின தண்ணியைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்கலாம். இதை எழுத பத்து வரி போதும். இது தெரியாமல் ஒருத்தர் முதல் தடவை குக்கரில் வைத்து, வேகாமல் போய், "பாரம்பரிய அரிசியே வேண்டாம்பா" என்று விட்டுவிட்டால் நட்டம் நம்ம எல்லாருக்கும்தான்.

வண்டு பற்றியும் கூச்சப்படாமல் எழுதுங்க. கிடங்கில் நஞ்சு போடாத அரிசியில் வண்டு வரும். சலித்துப் புடைத்து, காற்றோட்டமாகப் பரப்பி வைத்து, வேப்பிலையோ வசம்போ போட்டு வைக்கலாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசியை மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். அதனால் "ஒரு மாசத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்க" என்று எழுதுங்க. குறைவா வாங்கச் சொல்லி எழுதுற வியாபாரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வார்த்தைக்காகவே அடுத்த மாதமும் வருவார்கள்.

விலையைப் பிரித்து எழுதுங்க

"விலை கூட" என்ற பேச்சுக்குப் பதில் கணக்கில்தான் இருக்கு. மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வையுங்க. பருப்புக்கு மட்டும் 325 ரூபாய். ஆட்டுக் கூலி 40, பாட்டிலும் லேபிளும் 20. மொத்தம் 385. கிடைக்கிற புண்ணாக்கு சுமார் 1 கிலோ 400 கிராம், கிலோ 40 ரூபாய் மேனிக்கு 56 ரூபாய் திரும்பி வரும். ஆக, லிட்டருக்கு அடக்கம் 329 ரூபாய். சொத்தை பொறுக்கிய கூலி, காய வைத்த கூலி, தெளிய வைத்த நாள், பார்சல் செலவு எதுவும் இதில் சேரவில்லை.

உங்க ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை எழுதிப் போடுங்க. படிக்கிறவர் அடுத்த தடவை 200 ரூபாய்க்கு "செக்கு எண்ணெய்" பார்க்கும்போது அவரே கேள்வி கேட்பார். நாம் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. இப்படி எழுத உட்கார்ந்தால்தான் நம்மில் பலருக்கு நட்டத்துக்கு விற்கிறோமா, லாபத்துக்கு விற்கிறோமா என்பதே தெரியும்.

கெட்டுப் போனதையும் சொல்லுங்க

மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற பயிர், ஆள் உயரம் வளரும். வடகிழக்குப் பருவமழையில் காற்றடித்தால் சாய்ந்துவிடும். அறுவடையில் மழை பிடித்தால் அரிசி நிறம் மங்கும், குருணை கூடும். "இந்த வருஷம் மழையில் சாய்ஞ்சது, குருணை கொஞ்சம் கூடுதலா இருக்கு, அதனால விலையில் இவ்வளவு குறைச்சிருக்கோம்" என்று எழுதினால் வாங்குறவர் ஓடிப் போக மாட்டார். சொல்லாமல் அனுப்பினால்தான் ஓடுவார்.

எழுத்து நன்றாகப் போய் ஆர்டர் கூடும்போது ஒரு பெரிய சோதனை வரும். நம்ம வயலில் விளைந்தது தீர்ந்திருக்கும், போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து மில்லில் வாங்கி நம்ம பையில் போட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்று தோணும். அந்த இடத்தில்தான் நம்ம பிழைப்பும் பேரும் இருக்கு. "தீர்ந்துவிட்டது, அடுத்த அறுவடை தை மாதம்" என்று எழுதுங்க. இன்னொரு இயற்கை உழவரிடம் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பேரையும் ஊரையும் எழுதிக் கொடுங்க. அவருக்கும் விற்பனை ஆகும், நமக்கும் மனசு சுத்தமாக இருக்கும்.

"எழுத வராதுங்க" என்கிறவர்களுக்கு

நம்மில் எத்தனை பேர் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினோம்? ஜப்பானில் தன் வயலில் என்ன செய்தார், எது தோற்றது, எது நின்றது என்று மசானபு ஃபுகோகா 1975இல் எழுதி வெளியிட்டதுதான் அது. வயலைப் பற்றி எழுத வயலில் நின்றவருக்குத்தான் தகுதி. போனில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரியே பேசுங்க, செல்பேசியே தமிழில் எழுத்தாக்கித் தரும். பிழையை மட்டும் வீட்டுப் பிள்ளைகள் திருத்திக் கொடுக்கட்டும். நெல் அவிக்கிறது, காய வைக்கிறது, புடைக்கிறது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் செய்கிறார்கள். அந்த வேலையை அவர்களே அவர்கள் பேரிலேயே எழுதினால் இன்னும் நல்லது.

இப்போது கணினியிடம் சொன்னால் ஒரே நிமிடத்தில் கட்டுரை எழுதித் தருகிறது. தரட்டும். ஆனால் உங்க கிணற்றுத் தண்ணி எந்த மாதம் வற்றியது, எந்தத் தேதியில் ஜீவாமிர்தம் விட்டீங்க என்பது அதுக்குத் தெரியாது. அதெல்லாம் இல்லாத கட்டுரை, மறுபடியும் அதே "பத்து நன்மைகள்" கட்டுரையாகத்தான் வரும்.

"இப்போ யாருங்க படிக்கிறா, எல்லாம் வீடியோதான்" என்பார்கள். வீடியோவும் போடுங்க. ஆனால் அடுப்பில் அரிசியை வைத்துவிட்டுத் தேடுகிற அம்மாவுக்கு ஒரு வரி பதில்தான் வேண்டும். எழுதி வைத்தது ஒரு வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். அதனால் தலைப்பை அவர்கள் கேட்கிற கேள்வியாகவே வையுங்க. "கருப்புக் கவுனி எவ்வளவு நேரம் ஊறணும்?" என்பது போதும். கட்டுரையின் கடைசியில் ஊர் பேரு, இப்போது கையிருப்பு என்ன, பார்சலோடு சேர்த்து விலை என்ன, இவ்வளவும் இருக்கட்டும்.

"செய்முறையை எழுதினா அடுத்தவன் காப்பி அடிச்சிடுவானே?" அடிக்கட்டும். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். ஒளித்து வைத்திருந்தால் இத்தனை ரகங்கள் ஊர் ஊராகப் பரவியிருக்குமா? விதைக்கே பூட்டுப் போடாத நாம், ஊறவைக்கிற கணக்குக்கா பூட்டுப் போடப் போகிறோம்?

ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ளணும். முகநூல் கணக்கு ஒருநாள் முடங்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, அதிலும் நம்ம எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் எழுதியதற்கு ஒரு பிரதியும், வாங்கியவர்கள் பேரும் எண்ணும் ஒரு நோட்டில் இருக்கட்டும். தினமும் அனுப்பித் தொல்லை பண்ண வேண்டாம். மாதம் ஒன்று, அறுவடை சமயத்தில் இரண்டு, போதும்.

இந்த மாதம் போனில் அதிகம் பேர் கேட்ட ஒரு கேள்வியை எடுத்துக்குங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடும்பமாக உட்கார்ந்து பத்து வரி எழுதுங்க. "குணமாக்கும்", "விரட்டும்" என்ற சொல் எங்கேயாவது இருந்தால் அடித்துவிடுங்க. மிச்சம் இருக்கிறதைப் போடுங்க.