காசநோயும் காதும்

மேற்கத்திய சங்கீதம் பற்றி நம் சிறு வட்டத்தில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சடங்கு தவறாமல் நடக்கிறது. ஷோப்பான் பெயர் வந்தால் காசநோய். ஷுமன் என்றால் அவர் குதித்த ரைன் நதி, பிறகு மனநோய் விடுதி. சைகோவ்ஸ்கி என்றால், சந்திக்கவே கூடாது என்ற ஒப்பந்தத்தின் பேரில் 13 வருஷம் அவருக்குப் பணம் அனுப்பிய சீமாட்டி. பிராம்ஸ் என்றால் ஷுமனின் மனைவி கிளாரா. பேசி, பெருமூச்சு விட்டு, டீ குடித்துக் கலைகிறோம். இத்தனை பேச்சில் ஒரு ஸ்வரம்கூட யார் காதிலும் விழவில்லை என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

ரொமான்டிக் காலத்துச் சங்கீதத்தை அதன் கர்த்தாக்களின் வாழ்க்கை தெரியாமல் புரிந்துகொள்ளவே முடியாது என்று ஒரு நண்பர் சமீபத்தில் வாதிட்டார். அது ஆளுமையின் சங்கீதம், எனவே ஆளைத் தெரிய வேண்டும் என்பது அவர் தர்க்கம். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி சோம்பேறித்தனம்.

எனக்கு இவர்கள் அறிமுகமானது புத்தகத்தில் அல்ல, சிற்றலை ரேடியோவில். இதில் காதல் கதை எதுவும் இல்லை. அதன் விதிகள் மட்டும் முக்கியம். முள்ளைத் திருப்பிக்கொண்டே போகும்போது ஒரு பியானோ பாதியில் அகப்படும். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லும் நேரத்தில் அலை தேய்ந்துவிடும், அல்லது பக்கத்து நிலையத்துச் செய்தி அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆக, மாதக்கணக்கில் எனக்குக் கிடைத்தது பெயரற்ற சங்கீதம். பிறந்த ஊர், நோய், காதலி எதுவும் கூட வரவில்லை. கைகள் மட்டும் வந்தன.

அந்தக் கைகளை வேறுபடுத்திக் கேட்க முடிந்தது. ஒன்றில் இடது கை தாளத்தை விடாமல் பிடித்திருக்க, வலது கை பாடகனைப் போலக் கொஞ்சம் தாமதித்து வந்து, பிறகு ஓடிச் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று வாக்கியத்தின் நடுவில் ஆரம்பிப்பது போல ஆரம்பிக்கும். அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் விழாது. இரண்டு கைகளுக்கும் நடுவே மூன்றாவது குரல் ஒன்று ஒளிந்து பாடும். மூன்றாவதில் கீழ்ஸ்தாயியின் கனம் அதிகம். ஒரு குரல் மூன்றாக நடக்க, இன்னொன்று இரண்டாக நடக்கும். மேலே எழும்பப் பார்க்கும் பாட்டை அடியில் ஏதோ பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். முதல்வர் ஷோப்பான், இரண்டாமவர் ஷுமன், மூன்றாமவர் பிராம்ஸ் என்று பின்னால் பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஆட்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார்கள்.

இது ஏதோ அதிசயத் திறமை அல்ல. கச்சேரி ஒலிபரப்பை நடுவில் திருப்பும் நம் ஊர் ரசிகர், இரண்டு ஆவர்த்தம் கல்பனாஸ்வரம் கேட்டதும் மதுரை மணி ஐயர் என்கிறார். பிருகா ஒன்று உருண்டதும் ஜி.என்.பி. என்கிறார். இவர்களுக்கு என்ன வியாதி இருந்தது என்று கேட்டுவிட்டா சொல்கிறார்? அதற்குப் பெயர் பாணி. ஆளுமை என்பது அதுதான்; சாரீரத்திலும் விரலிலும் படிந்து கிடப்பது. சொந்தச் சங்கீதத்தில் தினமும் கடைப்பிடிக்கும் இந்த மரியாதையை, மேற்கு என்றதும் ஏன் கழற்றி வைக்கிறோம்?

பெர்லியோஸே தன் 'ஃபன்டாஸ்டிக்' சிம்பனிக்கு, நிராசைக் காதலில் அபின் தின்ற கலைஞனின் கதையை அச்சடித்து 1830இல் சபையில் விநியோகித்தாரே என்று நண்பர் கேட்கக்கூடும். வாஸ்தவம். அதே பெர்லியோஸ், 1855இல் சிம்பனியைத் தனியாக வாசித்தால் கதையைத் தர வேண்டியதில்லை, தலைப்புகளே போதும் என்று திருத்திக்கொண்டார். மாஹ்லர் தன் முதல் சிம்பனிக்குத் தந்த விளக்கத்தையும் 'டைட்டன்' என்ற பெயரையும் பிற்பாடு தாமே நீக்கினார். ஷோப்பான் பாலட், நாக்டர்ன், மஸுர்க்கா என்று வடிவத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டவர். 'மழைத்துளி' என்ற செல்லப்பெயர் பிறர் ஒட்டியது. கதையிலிருந்து சங்கீதத்தை விடுவிக்க அவர்களே பாடுபட்டிருக்கிறார்கள். நாம் திரும்பவும் கட்டிப் போடுகிறோம்.

இந்தக் கட்டு காதை எப்படி அடைக்கிறது என்பதற்கு சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பனி உதாரணம். 1893 அக்டோபர் 28இல் அரங்கேறியது. ஒன்பது நாளில் அவர் இறந்தார். அன்று முதல் எல்லோரும் அதில் மரணத்தைக் கேட்கிறார்கள். முதல் நாள் சபைக்குக் கேட்க மரணம் எதுவும் இருக்கவில்லை, சங்கீதம்தான் இருந்தது. மூன்றாவது பகுதி ஆரவாரமான அணிநடையாக முடிகிறது. முடிந்தது என்று ஜனங்கள் இன்றும் கை தட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மெதுவான பகுதி ஒன்று வந்து, மௌனத்துக்குள் அமுங்கிப்போகிறது. வெற்றி முழக்கத்தை முடிவின் இடத்திலிருந்து பெயர்த்து அதற்கு முந்தின இடத்தில் ஏன் வைத்தார்? இதுதான் கேள்வி. எப்படிச் செத்தார் என்று துப்பறிகிறவர்கள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வதே இல்லை.

ரேடியோ புனிதமான கருவி என்று நான் சொல்ல வரவில்லை. 1941இல் சோவியத் மீது படையெடுத்த நாஜி ஜெர்மனி, கிழக்கு முனை வெற்றிச் செய்திகளுக்கு முன்னால் லிஸ்ட்டின் 'லே ப்ரெலூத்' முழக்கத்தை ஒலிபரப்பியது. லிஸ்ட் செத்து 55 வருஷம் ஆகியிருந்தது. அதே வருஷம் பி.பி.சி., பேத்தோவனின் ஐந்தாவது சிம்பனியின் முதல் நான்கு ஸ்வரங்களை, மோர்ஸ் குறியீட்டில் 'வி' என்ற வெற்றி எழுத்தாகத் தட்டியது. நியாயம் ஒரு பக்கம்தான் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் சங்கீதத்துக்கு நேர்ந்தது இரு பக்கமும் ஒன்றே. நாலு ஸ்வரத்தை வெட்டி எடுத்துச் சின்னமாக்கினார்கள், மீதி தேவைப்படவில்லை. ஷோப்பானிலிருந்து இருமலை வெட்டி எடுக்கும் நம் நண்பர் செய்வதும் இதே காரியம்தான். அவரிடம் படை இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

ஷுமன் மேல் நமக்கு இரக்கம் அதிகம். அவர் 1834இல் லைப்ஸிக் நகரில் நண்பர்களோடு ஒரு சங்கீதப் பத்திரிகை தொடங்கிப் பத்து வருஷம் நடத்தியவர் என்பது ஏனோ நம் பேச்சில் வருவதில்லை. நம்மவர், ஐயா! ரசனையற்ற கூட்டத்துக்கு எதிராகக் கற்பனைச் சங்கம் ஒன்றை நிறுவி, ஃப்ளோரெஸ்டான் என்ற ஆவேசக்காரனையும் யூஸிபியஸ் என்ற கனவுக்காரனையும் படைத்து, தன் விமர்சனத்துக்குள்ளேயே சண்டை போடவிட்டவர். பெர்லியோஸின் சிம்பனியைப் பற்றி 1835இல் நீண்ட விமர்சனம் எழுதினார். வாத்தியக் கோஷ்டி வாசித்துக் கேட்டு அல்ல. லிஸ்ட் செய்த பியானோ வடிவத்தை வைத்துக்கொண்டு. நம் கரகரப்பு ரேடியோவுக்கு அது எந்த விதத்தில் மேல்? அப்படியும் அமைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். அச்சடித்த கதையோ இடைஞ்சலாகத்தான் பட்டது அவருக்கு.

அவர் ஷோப்பானை ஜெர்மன் வாசகர்களுக்கு அறிவித்தது 1831இல். ஷோப்பானுக்கு வயது 21. பிராம்ஸை அறிவித்தது 1853இல். பிராம்ஸுக்கு 20. இந்த இரண்டு பையன்களுக்கும் அப்போது சொல்லிக்கொள்ளும்படி வாழ்க்கை வரலாறே இல்லை. மஜோர்கா தீவின் குளிர்காலமும் கிளாராவின் துயரமும் பின்னால் வரவேண்டியவை. இருந்தது ஸ்வரங்கள். ஷுமனுக்கு அவை போதுமாயிருந்தன. வாழ்க்கை தெரியாமல் சங்கீதம் புரியாது என்பவர், இதற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறார்?

இது சங்கீத விவகாரத்தோடு நிற்கிற நோய் இல்லை. நம்மிடையே ஒரு கவிஞன் செத்தால் மலர் போடுகிறோம். அவன் பட்டினி, அவன் குடி, யாரிடம் கடன் வாங்கினான், கடைசியாக யார் வீட்டில் சாப்பிட்டான், எல்லாம் வரும். அவன் ஒரு வரியை ஏன் அந்த இடத்தில் உடைத்தான் என்று கேட்டு ஒரு பக்கம் வராது. வாழ்ந்தபோது படிக்கவில்லை, செத்தபின் அனுதாபத்தால் அதை ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணம். இப்படிப் பட்டினியைக் கொண்டாடிப் பழகிய வட்டம், இருபது வயதுக்காரன் ஒருவன் தபாலில் நாலு நல்ல கவிதை அனுப்பினால் என்ன செய்யும்? அவனுக்கு இன்னும் வியாதி வரவில்லையே. அதுவரை காத்திருக்கச் சொல்லுமா?