ரசிகரிடம் நிதானம் கேட்பது யாருக்காக?

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நிதானம் இழந்துவிட்டார்கள், தோல்வியைத் தாங்கும் பக்குவம் அவர்களுக்கு இல்லை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இருபது முறை லீக் பட்டம் வென்ற கிளப் ஒரு சீசன் சறுக்கினால் குடியா முழுகிப்போகும், இது விளையாட்டுதானே, பயிற்சியாளர் ஃபெர்குசனுக்கும் காலம் கொடுத்துத்தானே ஜெயித்தார்கள், உண்மையான ரசிகர் பாட்டுப் பாடுவாரே தவிர பதாகை பிடிக்க மாட்டார் என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் படித்தால் பெரியமனிதப் பேச்சாகத் தோன்றும் இந்த வாதம் அடிமுதல் நுனிவரை தவறு. தவறு என்பதோடு விடுவதற்கில்லை, அநியாயமும்கூட. பொறுப்பில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை, காசு கொடுத்து உள்ளே வருகிறவரைப் பார்த்துக் கேட்கிறது.

முதலில் அந்தச் 'சறுக்கல்' எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். 2024-25 சீசனில் யுனைடெட் ஆடிய 38 லீக் ஆட்டங்களில் வென்றது 11, தோற்றது 18. எடுத்த புள்ளிகள் 42. பட்டியலில் பிடித்த இடம் 15. 1974-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டதற்குப் பிறகு இந்த கிளப் இவ்வளவு கீழே போனதே இல்லை. பிரீமியர் லீக் வரலாற்றில் அதற்கு முன் அவர்கள் எடுத்த மிகக் குறைந்த புள்ளிகளே 58. ஜனவரியில் பிரைட்டனிடம் சொந்த மைதானத்தில் தோற்ற அன்று, கிளப்பின் வரலாற்றிலேயே மிக மோசமான அணி இதுவாக இருக்கலாம் என்று பயிற்சியாளர் ரூபன் அமோரிமே பத்திரிகையாளர்கள் முன் சொன்னார். பயிற்சியாளர் சொன்னால் நேர்மை, ரசிகர் சொன்னால் பக்குவமின்மையா? கட்டுரையாளர் எந்த அளவுகோலை வைத்து இந்தத் தீர்ப்பை எழுதினார்?

அப்படிப்பட்ட சீசனில் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? வந்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓல்ட் டிராஃபோர்டை நிரப்பினார்கள். இது புதிய வழக்கமும் அல்ல. 1974-75-இல் யுனைடெட் இரண்டாம் டிவிஷனில் ஆடியபோது, முதல் டிவிஷன் கிளப்புகளையும் சேர்த்து இங்கிலாந்திலேயே அதிகக் கூட்டம் வந்தது அவர்களின் ஆட்டங்களுக்குத்தான். ஐம்பது ஆண்டுகளாக இப்படி நிற்கிற மக்களுக்குத்தான் நம் கட்டுரையாளர் விசுவாசம் கற்றுத்தரக் கிளம்பியிருக்கிறார்.

ஏப்ரல் 17 இரவு லியோன் அணியோடு நடந்த யூரோப்பா லீக் காலிறுதியை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. நமக்கு அது புனித வெள்ளி அதிகாலை. யுனைடெட் இரண்டு கோல் முன்னிலையில் இருந்து அதைக் கோட்டை விட்டது. லியோன் வீரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, எதிரணியில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேர் கூடுதல் நேரத்தில் மேலும் இரண்டு கோல் அடித்து 4-2 என்று முன்னேறினார்கள். அந்த நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்து படியிறங்கியவர்கள் பலர். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஏழெட்டு மாதமாகப் பார்த்ததைத்தான் அன்றும் பார்த்தார்கள். மிச்சமிருந்தவர்கள் நின்றார்கள். 114-வது நிமிடம் புரூனோ ஃபெர்னாண்டஸின் பெனால்டி. 120-வது நிமிடம் கோபி மைனூ. அடுத்த நிமிடமே ஹாரி மக்வாயரின் தலை. ஆட்டம் 5-4. அந்த மூன்றாவது கோல் விழுந்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்டவர் எவரும், இந்தக் கூட்டத்துக்கு அணி மேல் பற்றில்லை என்று எழுத மாட்டார்.

அந்த ஓட்டம் பில்பாவோ இறுதிப் போட்டியில் முடிந்தது. லீக்கில் அவர்களைவிடவும் கீழே கிடந்த டாட்டனம் 1-0 என்று வென்றது. அதற்கு நான்கு நாள் கழித்து, சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும், அமோரிம் மைதானத்துக்குள் மைக்கைப் பிடித்து ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அந்தப் போர்ச்சுகல்காரருக்கு ஆறு மாதத்தில் புரிந்துவிட்டது. நம் கட்டுரையாளருக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது அவருடைய வாதத்தின் ஆணிவேருக்கு வருகிறேன். ரசிகர்கள் பதாகை பிடிப்பது தோற்பதால்தான், நாலு ஆட்டம் ஜெயித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார். வரலாறு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 2007, 2008, 2009 என்று யுனைடெட் தொடர்ந்து மூன்று முறை லீக் பட்டம் வென்றது. நடுவில் ஐரோப்பியக் கோப்பையும் கைக்கு வந்தது. அந்த வெற்றிகளின் சூடு ஆறும் முன்பே, 2010-இல், உரிமையாளர்களை எதிர்த்த ரசிகர்களால் ஓல்ட் டிராஃபோர்ட் பச்சையும் தங்கநிறமுமாக மாறியது. கிளப் 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ரயில்வே தொழிலாளர்களின் அணியாகத் தொடங்கியபோது இருந்த நிறங்கள் அவை. அந்த மார்ச்சில் ஏ.சி. மிலன் வீரராக அங்கே ஆடித் தோற்ற டேவிட் பெக்கம், வெளியேறும்போது தரையில் விழுந்த பச்சை-தங்கநிறத் துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பே ஒரு பகுதி ரசிகர்கள் மனம் கசந்து வெளியேறி, எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கே சொந்தமான கிளப்பைத் தொடங்கியிருந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் எதிர்த்தவர்களைப் பார்த்து, தோற்றதால் எதிர்க்கிறார்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

அவர்கள் எதிர்த்தது இதை: 2005-இல் கிளேசர் குடும்பம் ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு இந்த கிளப்பை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடனும் கிளப்பின் தலையிலேயே ஏற்றப்பட்டது. ஒரு வீட்டை வாங்க அந்த வீட்டின் மேலேயே கடன் வாங்கி, வட்டியைக் குடியிருப்பவர்களிடம் வசூலிப்பது போன்ற ஏற்பாடு. கடனே இல்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரு கிளப், அன்று முதல் வட்டி கட்டத் தொடங்கியது. வட்டி, கடன் செலவு, பங்காதாயம் என்று இருபது ஆண்டுகளில் வெளியே போனது நூறு கோடி பவுண்டைத் தாண்டும் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் கணக்குக் காட்டிவிட்டன. கூரையைப் பழுதுபார்க்காமல் விட்டார்கள். 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டம் முடிந்த கையோடு பெய்த மழையில், அந்தக் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது.

2024 தொடக்கத்தில் கிளப்பின் கால்வாசிக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கி, கால்பந்து நிர்வாகத்தை ஏற்றவர் சர் ஜிம் ராட்கிளிஃப். 2025 மார்ச்சில் அவரே கொடுத்த பேட்டியில், செலவைக் குறைத்திருக்காவிட்டால் ஆண்டு முடிவதற்குள் கிளப்பிடம் காசே இருந்திருக்காது என்றார். ரசிகர்கள் இருபது ஆண்டுகளாகத் தெருவில் நின்று சொன்னதை, முதலாளி நாற்காலியில் இருந்து ஒருவர் ஒப்புக்கொண்ட தருணம் அது. தொலைநோக்கு யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செலவை யார் தலையில் குறைத்தார்கள் என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம். முதலில் 250 பேருக்கு வேலை போனது. அடுத்து இன்னும் 200 பேர் வரை போகலாம் என்று அறிவிப்பு வந்தது. ஓல்ட் டிராஃபோர்ட் ஊழியர்களுக்கு இருந்த இலவச மதியச் சாப்பாடு நின்றது. பதிலுக்குப் பழம் கிடைக்கும் என்றார்கள். சீசனின் நடுவில், உறுப்பினர்களுக்கான மீதி டிக்கெட்டுகளின் விலை 66 பவுண்டு என்று ஒரேயடியாக நிர்ணயிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் நம் காசுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய். சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை இல்லாமல் போனது. அதற்கு முன்பு சிறுவர் டிக்கெட் 25 பவுண்டிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர நினைத்த சால்ஃபோர்டுத் தொழிலாளி ஒருவர் 198 பவுண்டு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவரிடம் போய், இது வெறும் விளையாட்டுதான், விட்டுவிடுங்கள் என்று சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. இருக்கவும் கூடாது.

அதே நிர்வாகம் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது, அக்டோபரில் அவரை வெளியே அனுப்பியது. அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கொடுத்த இழப்பீடு மட்டும் 1 கோடியே 4 லட்சம் பவுண்டு. கோடைகாலத்தில் கொண்டுவந்த விளையாட்டு இயக்குநரும் ஐந்தே மாதத்தில் விலகினார். அவர் கணக்கில் இன்னொரு 41 லட்சம். நிதானம் தவறியது யார், ஊழியர் சாப்பாட்டை நிறுத்தி மிச்சம் பிடித்த காசு எந்த வழியில் போனது என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ஃபெர்குசன் கதைக்கு வருவோம். இந்த வாதத்தை எடுக்கும் ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்கும் துருப்புச்சீட்டு அதுதான். 1989 டிசம்பரில், மூன்றாண்டு சாக்குப்போக்கு போதும், போய் வா என்று ஃபெர்குசனுக்கு எதிராக ஒரு ரசிகர் பதாகை பிடித்தார். அடுத்த மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒரு கோல், அங்கிருந்து எஃப்.ஏ. கோப்பை, அப்புறம் எல்லாம் சரித்திரம். சரி. அந்தப் பதாகை ஃபெர்குசனை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. முடிவெடுக்க வேண்டியது நிர்வாகம், அது சரியாக முடிவெடுத்தது. காரணமும் இருந்தது: வீரர்களிடையே ஊறிப்போன குடிப்பழக்கத்தை ஃபெர்குசன் உடைத்துக்கொண்டிருந்தார், பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப்பிடிக்கும் ஆட்களைப் பெருக்கியிருந்தார். அந்தச் சீசனில் 13-வது இடத்தில் முடிந்த அணிக்குக் கீழே ஓர் அடித்தளம் எழும்பிக்கொண்டிருந்தது. காலம் கொடுத்ததால் மட்டும் அவர் ஜெயிக்கவில்லை. கொடுத்த காலத்தில் கட்டினார். அவருக்குப் பின் மோயஸ் பத்து மாதத்தில் போனார். வான் ஹால் எஃப்.ஏ. கோப்பையை வாங்கிய இரண்டாம் நாள் போனார். மொரின்யோ, சோல்ஷர், டென் ஹாக் எல்லாரும் சீசன் பாதியில் போனார்கள். இவர்களில் ஒருவரைக்கூட ரசிகர் கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. பொறுமையை உரிமையாளர்களிடம் கேளுங்கள்.

வீரர்கள் மீதான வசையையும் கட்டுரையாளர் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு வீரரின் நிறத்தையும் குடும்பத்தையும் இழுத்துத் திட்டுகிறவருக்கு மைதானத்தில் இடம் கூடாது. ஆனால் அதைச் செய்கிறவரும் கடனை எதிர்த்து ஊர்வலம் போகிறவரும் ஒன்றா? 2021 ஜூலையில் யூரோ இறுதிப் போட்டியில் பெனால்டி தவறவிட்ட மார்கஸ் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை மான்செஸ்டரின் விதிங்டனில் யாரோ கிறுக்கிக் கெடுத்தார்கள். மறுநாளே அந்தப் பகுதி மக்கள் வந்து, அன்புச் செய்திகள் எழுதிய தாள்களையும் காகித இதயங்களையும் ஒட்டி அந்தச் சுவரை மூடினார்கள். குழந்தைகள் கையெழுத்தில் எழுதியவைகூட இருந்தன. ரசிகர் என்றதும் கிறுக்கியவரை மட்டும் நினைப்பது கட்டுரையாளரின் தேர்வு.

இது வெறும் விளையாட்டுதானே என்ற கடைசி வரிக்கு ஓல்ட் டிராஃபோர்டிலிருந்து பதில் தேட வேண்டாம். அதே மான்செஸ்டர் வட்டாரத்தில் பரி என்ற ஊர் இருக்கிறது. 1885-இல் பிறந்த பரி எஃப்.சி., இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2019 வசந்தத்தில் அந்த அணி மேல் டிவிஷனுக்கு உயர்ந்தது. புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது மகிழ்ச்சியான சீசன். ஆனால் சம்பளம் நின்றுபோயிருந்தது, கடன் கழுத்தை நெரித்தது, சில மாதம் முன்பு கிளப்பே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. ஆகஸ்டு கடைசியில், புதிய ஆள் வாங்கப்போகிறார் என்ற நம்பிக்கையில், நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாகக் கிக் லேன் மைதானத்துக்கு வந்து இருக்கைகளைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். அந்த ஒப்பந்தம் முறிந்தது. ஆகஸ்டு 27 அன்று, 125 ஆண்டுகள் இருந்த லீக்கிலிருந்து பரி நீக்கப்பட்டது. உயர்வு பெற்ற அணி புதிய டிவிஷனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெயித்தால் மூடிக்கொள், தோற்றால் பொறுத்துக்கொள் என்று சொல்லும் அறிவுரை இப்படித்தான் ஓர் ஊரின் கிளப்பைக் கண் முன்னாலேயே தொலைக்கும்.

கத்துவதால் எதுவும் மாறாது என்றும் எழுதியிருக்கிறார். 2021 ஏப்ரல் 18 அன்று ஆறு இங்கிலாந்து கிளப்புகள், யுனைடெட் உட்பட, ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற மூடிய போட்டியில் சேருவதாக அறிவித்தன. இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின. செல்சீ ரசிகர்கள் சாலையை மறித்து நின்ற மாலை அது. மே 2 அன்று யுனைடெட் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது. அந்த ஆண்டே டிரேசி கிரௌச் தலைமையில் நடந்த ஆய்வு, கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் அது சட்டமானது. கிளப்பை வாங்க வருகிறவர் அதற்குத் தகுதியானவரா என்று சோதிக்கவும், முதல் ஐந்து நிலைகளில் உள்ள கிளப்புகளுக்கு உரிமம் வழங்கவும், அவை சூப்பர் லீக் போன்ற போட்டிக்கு ஓடுவதைத் தடுக்கவும் அந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு. பரி ரசிகர்களும் சாலையில் நின்ற ரசிகர்களும் கத்தியிராவிட்டால் இந்தச் சட்டத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.