வானத்தையும் பாலாறு ஆக்காதே!

ஆகாயம் யாருக்குச் சொந்தம்? தோல் ஷாப்பில் நாளெல்லாம் ஈரத்தில் நிற்கும் தொழிலாளிக்கும், ஏலகிரி அடிவாரத்தில் நாற்று நடும் விவசாயக் கூலிக்கும் இந்தக் கேள்வியோடு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, தோழர்களே!

2019 மார்ச் 27. லோக்சபா தேர்தலின் முதல் கட்ட வாக்குப் பதிவுக்குப் பதினைந்தே நாட்கள் இருந்தன. பிரதமர் மோடி டெலிவிஷனில் தோன்றி, இந்தியா விண்வெளி வல்லரசாகிவிட்டது என்று முழங்கினார். நடந்தது என்ன? ஒரிசாக் கடலோரத்தில் உள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பியது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த மைக்ரோசாட்-ஆர் என்ற செயற்கைக்கோளைத் தூள் தூளாக்கியது. அது எதிரியின் கோள் அல்ல. இரண்டு மாதம் முன்பு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாமே ஏற்றிய கோள்! தேர்தல் நேரத்தில் இது தகுமா என்று தோழர் சீத்தாராம் யெச்சூரி தேர்தல் கமிஷனுக்கு எழுதினார். நடத்தை விதி மீறப்படவில்லை என்று கமிஷன் கைகழுவிவிட்டது.

உடைந்த துண்டுகள் என்ன ஆயின? வானத்தில் உடைந்தது உடனே கீழே விழுந்துவிடுவதில்லை. விநாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூரை அது நாலைந்து விநாடியில் தாண்டிவிடும். அந்த வேகத்தில் வரும் ஒரு திருகாணியே பீரங்கிக் குண்டுக்குச் சமம். நாம் உடைத்ததில் 400 துண்டுகள் சிதறின, அவற்றில் 24 துண்டுகள் மனிதர்கள் வசிக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் மேலே எழும்பின என்று அமெரிக்காவின் நாசாத் தலைவர் கண்டித்தார். 45 நாளில் எல்லாம் எரிந்துபோகும் என்றார்கள் நம் அதிகாரிகள். ஓராண்டு கழிந்த பின்னும் சில துண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன.

நாசா கண்டித்ததால் அமெரிக்கா உத்தமனாகிவிடுமா? 1962-ல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டையே வெடித்து, பல செயற்கைக்கோள்களைப் பாழாக்கிய நாடு அது. 1985-லும் 2008-லும் தன் கோள்களைத் தானே சுட்டது. 2007-ல் சீனா உடைத்த கோளிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. பெரும்பகுதி இன்றும் சுற்றுகிறது. 2021-ல் ரஷ்யா உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ரஷ்யர்கள் உட்பட, தப்பும் கலங்களுக்குள் ஒடுங்கினார்கள். எந்தக் கொடி ஏற்றிய ஏவுகணையானாலும் துண்டு துண்டுதான்!

இந்தக் கதை நமக்குப் புதிதா? பாலாறும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. லாபம் முதலாளி வீட்டுக்குப் போயிற்று; தோல் கழிவு ஆற்றில் இறங்கியது; கிணற்று நீரும் நிலமும் கெட்டன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகளைப் பலிகொண்டது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மண்ணுக்குச் சொன்ன நியாயம் விண்ணுக்கு மட்டும் கிடையாதா? அங்கே கெடுத்தவன் மார்தட்டுகிறான், ஈடுகட்டுவது யார்?

நாம்தான்! 1999-ல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-ல் அதே கரையைப் பெரும்புயல் தாக்கியபோது லட்சக்கணக்கானவர்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. புயல் காப்பகங்களோடு, செயற்கைக்கோள்கள் தந்த எச்சரிக்கையும் உயிர் காத்தது. அந்தக் கோள்கள் சிதறினால் மந்திரியின் மாளிகை மூழ்காது. மீனவன் குப்பமும் கூலியின் குடிசையுமே மூழ்கும்.

"சீனா செய்தால் நாம் சும்மா இருப்பதா?" என்பார்கள். ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒருவன் நஞ்சைக் கலந்தால், நானும் கலப்பேன் என்பது வீரமா? விண்வெளிப் போரில் வெற்றி பெற்றவனும் அதே குப்பைக்குள்தான் தன் கோள்களை ஓட்டியாக வேண்டும்.

1967-ம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் பூமியைச் சுற்றி அணுகுண்டை நிறுத்தக் கூடாது என்கிறது. தரையிலிருந்து ஏவுகணையால் கோளை உடைப்பதைத் தடுக்கவில்லை. இந்த ஓட்டையில்தான் யுத்த வெறியர்கள் புகுந்து விளையாடுகிறார்கள். இத்தகைய சோதனைகளைக் கைவிடும்படி 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தன. இந்திய சர்க்கார் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது! தீர்மானத்தைக் கொண்டுவந்த அமெரிக்காவோ 2025-ல் 17,500 கோடி டாலர் செலவில் 'கோல்டன் டோம்' என்று, விண்வெளியிலேயே ஆயுதம் நிறுத்தும் திட்டத்தை அறிவித்தது. ஆயுத முதலாளிகளுக்கு அமோக அறுவடை!

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. ஏலகிரிக்கு அடுத்த ஜவ்வாது மலையிலே காவலூர் வானோக்குக் கூடம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களை உலகம் கண்டறிந்தபோது காவலூரும் அதில் பங்கு பெற்றது. அறிவதற்குத்தான் ஆகாயம், அழிப்பதற்கல்ல.

ஆகவே தொழிற்சங்கக் கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களிலும் தீர்மானம் போடுவோம்: இந்திய சர்க்கார் இனி இத்தகைய சோதனை நடத்துவதில்லை என்று பகிரங்கமாக அறிவிக்கட்டும்! எல்லா வல்லரசுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு முன்னின்று குரல் கொடுக்கட்டும்!

பாலாற்றை இழந்தோம். வானத்தை இழக்க மாட்டோம்!