பறிகொடுத்தவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோய்விட்டது என்று ஒருவர் சொன்னால் அவரிடம் முதலில் கேட்கப்படுவது, "ஓடிபி சொன்னீங்களா?" வங்கியில் அதையே கேட்கிறார்கள், காவல் நிலையத்திலும் கேட்கிறார்கள், வீட்டில் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது: கவனமாக இருப்பவர் ஏமாறமாட்டார், ஏமாந்தவர் எங்கோ கவனம் தவறியிருக்கிறார்.

இந்த நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் பரவியிருக்கிறது. நான் இதை மறுக்கிறேன். இது உண்மைக்குப் புறம்பானது, அதோடு திருடனுக்குத் துணைபோவதும்கூட. பழிக்கு அஞ்சி ஒருவர் வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுகிறது. நம் விவரங்களைக் காக்கத் தவறிய நிறுவனமோ யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது.

"ஓடிபி சொல்லாவிட்டால் பணம் போகாது" என்பதிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் ஓடிபி, ரகசிய எண், ஏடிஎம் அட்டை எதுவும் இல்லாமல் பணம் எடுக்கும் வழி ஒன்று சட்டப்படியே இயங்குகிறது. அதன் பெயர் ஏஇபிஎஸ், அதாவது ஆதாரை அடிப்படையாகக் கொண்ட பணப் பட்டுவாடா. வங்கி முகவரின் சிறு கருவியில் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் பதிந்து, விரலை வைத்தால் போதும், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வங்கிக் கிளையே இல்லாத ஊர்களில் நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் உதவித்தொகையையும் வாங்க இது பெரிய வசதி. அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆதாரோடு இணைந்த பல கணக்குகளில், உரியவர் கேட்காமலேயே இந்தக் கதவு திறந்திருக்கிறது. அப்படி ஒரு கதவு இருப்பதே பலருக்குப் பணம் போன பிறகுதான் தெரிகிறது.

அந்தக் கதவுக்குச் சாவி விரல் ரேகை. வங்கி அட்டை களவுபோனால் புதியது வாங்கிக்கொள்ளலாம், விரலை அப்படி மாற்றமுடியாது. 2018-இல் தெலங்கானாவில் சிம் விற்கும் ஒருவர், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கக் கிடந்த நில ஆவணங்களைத் தரவிறக்கினார். அவற்றில் ஆதார் எண்ணும் இருந்தது, பெருவிரல் ரேகையும் இருந்தது. ரேகைகளை ரப்பர் முத்திரை செய்யும் முறையில் அச்செடுத்து, முன்பின் தெரியாதவர்களின் பெயரில் ஆயிரக்கணக்கில் சிம் அட்டைகளை இயக்கிவிட்டார். பின்னாளில் இதே உத்தி வங்கிக் கணக்குகளின் பக்கம் திரும்பியது. 2023-இல் பெங்களூரில் சொத்துப் பதிவு செய்த பலர், சில நாட்களிலோ வாரங்களிலோ தங்கள் கணக்கில் பணம் குறைந்திருப்பதைக் கண்டு காவல்துறையிடம் போனார்கள்.

இவர்கள் செய்த தவறு என்ன? வீடோ நிலமோ வாங்கினார்கள். அரசு அலுவலகத்தில், அரசு கேட்டபடி ரேகை வைத்தார்கள். யாரிடமும் எந்த எண்ணையும் சொல்லவில்லை. போலி ரேகையைக் கண்டறியும் புதிய சோதனை முறையை 2023-இல் ஆதார் ஆணையம் கொண்டுவந்தது; அதை வரவேற்கிறேன். ஆனால் ரேகை எங்கிருந்து கசிந்ததோ அங்கே பொறுப்பில் இருந்தவர்களை எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள்?

ஓடிபி வருகிற வழியையே கைப்பற்றுவது இன்னொரு வகை. உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டால் உங்கள் கைபேசியில் டவர் போய்விடும், குறுஞ்செய்திகளெல்லாம் திருடனுக்குப் போகும். இதைத் தடுக்க, சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்திவைக்கும் விதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் பெயரிட்டு வரும் ஏபிகே கோப்புகளின் வேலை வேறு. அதைத் திறந்து நிறுவிக் குறுஞ்செய்தி அனுமதியையும் கொடுத்துவிட்டால், கைபேசிக்கு வரும் ஓடிபியை அந்தச் செயலியே படித்து அனுப்பிவிடும். ஓர் எண்ணை அழுத்தச் சொல்லி, அழைப்புகளை வேறு கைபேசிக்குத் திருப்பிவிடும் தந்திரமும் ஓடியது. அது அளவு மீறியதால் 2024 ஏப்ரலிலிருந்து தொலைத்தொடர்புத் துறை அந்தக் குறுக்கெண் வசதியையே நிறுத்தச் சொன்னது. "நான் சொல்லவே இல்லையே" என்று அழுபவர் பொய் சொல்வதாக நினைக்கும் முன் இத்தனை வழிகள் இருப்பதை நினைக்கவேண்டும்.

அடுத்தது, "என்கிட்ட என்ன இருக்கு திருடறதுக்கு?" என்ற பேச்சு. கணக்கில் ஐந்நூறு ரூபாய் வைத்திருப்பவர் இதை மனப்பூர்வமாக நம்புகிறார். ஆனால் அடையாளத் திருடனுக்கு வேண்டியது இருப்புப் பணம் அல்ல, பெயர். பான் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் செயலிகள் வழியே சிறுகடன் எடுக்க முடிந்தது. 2022-இன் தொடக்கத்தில், தாங்கள் வாங்காத கடன் தங்கள் பெயரில் நிலுவையாக நிற்கிறது என்று நாடெங்கும் பலர் முறையிட்டார்கள். கடன் தரமதிப்பெண் சரிந்து, வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில் தகவல் தெரிந்தவர்களும் உண்டு. உங்கள் பெயரில் திறந்த கணக்கு வழியாக மற்றவர் பணம் கடத்தப்பட்டால், வெளிமாநிலக் காவல்துறை உங்கள் கணக்கைத்தான் முடக்கும். ஐந்நூறு ரூபாய்க்காரர் ரயிலேறிப் போய்த் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்கவேண்டும். ஏழைக்கு இழப்பு குறைவு என்பது கொடுமையான தப்புக்கணக்கு.

இதற்குச் செலவில்லாத இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. கடன் தகவல் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. காலாண்டுக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண் வைத்திருக்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இயங்குகிறது என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம்.

"ஆதார் ஜெராக்ஸ்தானே, கொடுத்தா என்ன?" என்று கேட்பவர்கள் ஓர் எடுத்துக்காட்டையும் சொல்வார்கள். 2018 ஜூலையில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அன்றைய தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போட்டு, முடிந்தால் தீங்கு செய்துகாட்டுங்கள் என்றார். அவருக்குப் பெரிய இழப்பு எதுவும் நேரவில்லை என்பது உண்மை. ஆனால் அன்றே அவருடைய முகவரி, பிறந்த தேதி, கைபேசி எண் எல்லாவற்றையும் ஆட்கள் தேடி எடுத்து அடுக்கிவிட்டார்கள். அவை ஆதார் தொகுப்பிலிருந்து வரவில்லை என்று ஆதார் ஆணையம் விளக்கியது. அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். என் வாதமும் அதுதான். ஓர் எண் தனியாக எதையும் செய்யாது. வேறு வேறு இடங்களிலிருந்து கசிந்தவற்றை ஒன்றுசேர்க்கும் கயிறாக அது ஆகும்போதுதான் ஆபத்து. டிராய் தலைவருக்கு நேராத தீங்கு, வங்கியில் குரல் எடுபடாத ஒரு கைம்பெண்ணுக்கும் நேராது என்று எப்படிச் சொல்வது?

லாட்ஜில், சிம் கடையில், வாடகை வீட்டுக்காரரிடம், டியூஷன் சென்டரில் என்று நாம் ஆதார் நகல் கொடுக்காத இடம் இல்லை. கொடுத்த நகல் பின்னர் என்ன ஆகிறது என்று கேட்கும் வழக்கமும் இல்லை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தியது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மக்கள் பயந்துவிடக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்திருக்கலாம். ஆனால் நல்ல யோசனையும் சேர்ந்தே மறைந்துபோனது. மறைப்பு ஆதாரை ஆணையத்தின் தளத்தில் இன்றும் தரவிறக்கலாம். விடுதியிலோ கடையிலோ அதை ஏற்கமாட்டேன் என்றால், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிவிட்டு வரலாம்.

விரல் ரேகையையும் பூட்டிவைக்கலாம், ஆதார் ஆணையத்தின் செயலியில் அதற்கு வசதி இருக்கிறது. இதைச் சொல்லும்போது ஒரு சிக்கலையும் சொல்லியாகவேண்டும். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளில் பூட்டைத் திறக்க மறந்தால் அரிசி இல்லாமல் திரும்ப நேரும். கைபேசியே இல்லாத பாட்டிக்கு இந்தப் பூட்டு எட்டாது. அப்படிப்பட்டவர்களுக்காக வீட்டில் ஒருவர் வங்கிக்குப் போய், ஏஇபிஎஸ் வசதி வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது நடக்கக்கூடிய வேலை. அந்த வழியில்தான் உதவித்தொகை வாங்குகிறார் என்றால் அதுவும் கூடாது. அப்போது அந்தக் கணக்கில் உதவித்தொகை மட்டும் இருக்கட்டும், சேமிப்பை வேறு கணக்கில் வைப்பதே நல்லது.

"படிச்சவங்க ஏமாறமாட்டாங்க" என்பதை நீண்ட நேரம் மறுக்கத் தேவையில்லை. வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 2024-இல், அதிகாரிபோல் நடித்துக் காணொளி அழைப்பில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' மோசடியில் ஏழு கோடி ரூபாயைப் பறிகொடுத்தார். காணொளியில் உச்ச நீதிமன்ற விசாரணையையே போலியாக நடத்திக் காட்டினார்கள். அவர் அதை மறைக்காமல் வெளியே வந்து சொன்னார். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். இவ்வகை அழைப்பில் வருபவர், உங்கள் ஆதார் எண்ணையும் முகவரியையும் அவரே வாசித்துக் காட்டுவார். முன்பே கசிந்த விவரம் இங்கே அதிகாரத்தின் குரலாக மாறுகிறது. இவ்வளவு தெரிந்தவர் உண்மையான அதிகாரியாகத்தான் இருக்கவேண்டும் என்று மனம் நம்பிவிடுகிறது, அதற்குப் படிப்பு தடையாக நிற்பதில்லை.

அப்படியானால் விவரங்களைக் கசியவிட்டது யார்? 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், நோய் விவரம், பரிசோதனை முடிவு எல்லாம் டெலிகிராமில் கேட்டவருக்குக் கிடைத்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. காப்பீடு எடுத்தவர் எவ்வளவு விழிப்பாக இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்க முடியும்? ஒருவர் தன் புற்றுநோயை உறவினரிடம்கூட மறைத்து, காப்பீட்டு நிறுவனத்திடம் மட்டும் சொல்லியிருப்பார்.

அமெரிக்காவில் மரபணுப் பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் நடந்தது இன்னும் தெளிவானது. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்து ஏறத்தாழ 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். உறவினரைக் கண்டறியும் வசதி வழியாக அங்கிருந்து 69 இலட்சம் பேரின் விவரங்களை அள்ளினார்கள். வழக்கு வந்தபோது நிறுவனம், பழைய கடவுச்சொல்லையே பயன்படுத்திய வாடிக்கையாளர்கள்மீது பழிபோட்டது. அந்த 14,000 பேருக்கு அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற 68 இலட்சத்துச் சொச்சம் பேர் எந்தக் கடவுச்சொல்லையும் தவறவிடவில்லையே! ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைப்பதும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை இயக்குவதும் கட்டாயம் செய்யவேண்டியவை. தன் கதவைப் பூட்டிய பின்னும் உறவினர் வீட்டு வழியாகத் திருடன் வருமாறு ஏற்பாடு வைத்திருந்தது யார் என்பதும் கேட்கப்படவேண்டியது.

நம் சட்டமும் இந்த இடத்தில் எனக்கு நிறைவளிக்கவில்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். விவரம் பறிபோனவருக்கு ஒரு ரூபாய்கூட அந்தச் சட்டத்தில் இல்லை. அதோடு, இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் அது ஏற்பாடு செய்கிறது. இழந்தவருக்கு நேராக இழப்பீடு கிடைக்கும் பிரிவு திரும்ப வேண்டும். நிறுவனங்களுக்கு அப்போதுதான் நம் விவரம் நம்முடைய பொருளாகத் தெரியும்.

கடைசியாக, "போன பணம் வராது, புகார் கொடுத்து அலையாதே" என்ற அறிவுரை. மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது இதுதான். ஓஸ்வால் புகார் கொடுத்ததால் ஐந்து கோடிக்கும் மேல் மீட்கப்பட்டது. பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால், அது சென்றடைந்த கணக்கை முடக்க முடிகிறது. அடுத்த நாள் அழைத்தால் பெரும்பாலும் ஏடிஎம்மில் எடுத்து முடித்திருப்பார்கள்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளை வங்கியில் யாரும் தாமாகச் சொல்வதில்லை, ஆகவே நாம் தெரிந்துவைத்திருக்கவேண்டும். தவறு வங்கியுடையது என்றால் இழப்பு முழுக்க வங்கியுடையது. வங்கியும் நாமும் அல்லாத வேறெங்கோ கசிந்து நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் நம் பொறுப்பு 10,000 ரூபாயைத் தாண்டாது. ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டோம் என்றாலும், புகார் தந்த நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமையையும் விதி வங்கியிடமே கொடுத்திருக்கிறது.

ஆகவே புகாரை வாய்மொழியாக விடாமல் எழுதிக்கொடுத்து, நாளும் நேரமும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்கவேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.