பொறியியலோடு பிற கல்வியும்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வளைந்து செல்லுகிறது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போவோர் அந்த நீர்ப்பரப்பைக் கண்டு வியந்து போகின்றனர். அதன் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது என்பதை அறிந்தவர் அவர்களுள் சிலரே. 1969ஆம் ஆண்டில் அணை நிறைவுற்றபோது அந்த ஊர் நீருள் அமிழ்ந்தது. கடும் வரட்சி வரும் ஆண்டுகளில் பழைய கோயிலின் சுவர்கள் சேற்றினின்று தலைநீட்டுகின்றன. முதியோர் இறங்கிச் சென்று, தம் வீடும் கடையும் நின்ற இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்புகின்றனர்.

இந்நீரைப் பற்றி நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும்போது, தோட்டத்துப் பிள்ளை ஒருவனோ ஒருத்தியோ பொறியியற் பீடத்திற்குத் தெரிவாகும் செய்தி நம் காதில் விழுகிறது. நுவரெலியா மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்று. இணைந்த கணிதமும் பௌதிகமும் தமிழிற் கற்பிக்க ஆசிரியர் கிடைக்காத பாடசாலைகள் இங்கே பல. அவற்றையெல்லாம் தாண்டி ஒரு பிள்ளை தெரிவாகிவிட்டால் லயம் முழுவதும் அகமகிழ்கிறது. அவ்வேளையில் வாத்தியாரும் உறவினரும் கூறும் அறிவுரை ஒன்றேதான்: "தம்பி, இனி வேறு எதிலும் கண்ணைச் செலுத்தாதே. பட்டத்தை எடு, கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலையைத் தேடிக்கொள்."

அன்பினால் எழுந்த அறிவுரைதான். ஆயினும் அதனை நாம் ஏற்பதற்கில்லை. பொறியியல் கற்கும் நம் பிள்ளைகள் சட்டம், பொருளியல், சமூகவியல், புவிச்சரிதவியல், வேளாண்மை ஆகியவற்றுள் ஒன்றையேனும் முறையாகக் கற்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இம்மலைகளில் நீர்மின்சாரம் பிறந்த கதையையே நோக்குக. டி. ஜே. விமலசுரேந்திர பொதுவேலைப் பகுதியில் எந்திரியாகப் பணியாற்றியவர். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையினின்று குதித்துவிழும் வேகத்தைக் கண்டு, அதனை மின்சாரமாக்கலாம் என்று கணக்கிட்டார். அருவியைக் கண்டு கணக்கிடுதல் எந்திரி எவர்க்கும் இயல்வதே. ஆனால் 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் அவர் படித்த கட்டுரையின் பொருள், நீர்ச்சக்தியைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் என்பதாகும். இறக்குமதியாகும் எரிபொருளை நம்பிக் கிடக்கும் ஒரு தீவு தன் ஆறுகளால் என்ன மிச்சம் பிடிக்கலாம் என்பதை அவர் ரூபாய்க் கணக்கிற் பேசினார். இலக்சபானைத் திட்டம் தொடங்கி, இடையில் நின்றது. அவர் கோப்புகளோடு போராடி ஓயவில்லை; 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் நின்று அரசாங்க சபைக்குச் சென்று, அங்கே வாதாடினார். 1950ஆம் ஆண்டில் இலக்சபானையின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியபோது அவர் முதுமை எய்தியிருந்தார், மூன்றாண்டில் மறைந்தார். நோட்டன்பிரிட்ஜ் அருகே ஒரு மின்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொருளியலும் அரசியலும் தம் தொழிலுக்குப் புறம்பானவை என்று அவர் ஒதுங்கியிருப்பின், அந்த அருவி இன்னும் எத்தனை ஆண்டு வீணே விழுந்திருக்குமோ!

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த ஆறுகளிலிருந்து எடுத்த மின்சாரம் கம்பிவழியே கொழும்புக்குச் சென்றது. கம்பி சென்ற தோட்டங்களின் லயக் காம்பராக்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. லயத்தில் வாழ்ந்தவனும் மின்சாரத்தின் பாவனையாளனே என்று சொல்லும் ஒருவர் அந்தக் கணக்கு எழுதப்பட்ட மேசையில் இருக்கவில்லை.

மின்சாரத்தின் கதை பழங்கதை எனக் கூறுவார் உளராயின், மண்ணின் கதைக்கு வருவோம். 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர், திரும்பி வந்தபோது பெற்றோரையும் காணவில்லை, வீட்டையும் காணவில்லை. அந்த நிலம் அபாயமானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தவறவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை எழுதப்பட்டது, மக்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகத்தின் சரிவுகள் பல மீண்டும் பெயர்ந்தன.

ஏன் அங்கேயே இருந்தார்கள்? இக்கேள்விக்கு மண்ணியல் நூலில் விடை கிடையாது. தோட்ட நிலம் அரசுடைமை. 1992 முதல் அது கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவனுக்கும் அக்காம்பராவின்மீது உறுதியில்லை. "எழுந்து போ" என்றால் எங்கே போவது? வேலை லயத்தோடு கட்டுண்டது, பாடசாலையும் கோயிலும் சவக்காலையும் அங்கேயே உள்ளன. புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்திற்கு ஒரு துண்டு நிலம் என்கின்றனர். அந்தத் துண்டு எந்தச் சரிவில் அமைகிறது என்று பார்க்கப் புவிச்சரிதவியல் வேண்டும், அதற்கு உறுதி எப்போது வரும் என்று கேட்கச் சட்டம் வேண்டும், எச்சரிக்கையைத் தமிழில் மக்கள் விளங்கும்படி எழுதவும் தெரிய வேண்டும். இம்மூன்றையும் மூன்று அலுவலகங்களில் மூன்று பேர் தனித்தனியே அறிந்திருந்தமையாற் பயன் யாது? ஒரே தலைக்குள் அவை சந்திக்க வேண்டும். அந்தத் தலை, மழைக்காலத்து இரவில் லயத்தில் விழித்துக் கிடந்த பிள்ளையினுடையதாயின் இன்னும் நன்று.

பலவற்றையும் மேய்ந்தால் ஒன்றிலும் ஆழம் இராது என்று சில பேராசிரியர்கள் கூறுவர். ஆழம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பேராசிரியர் அழகையா துரைராசாவைவிட ஆழமாக மண்ணைக் கற்றவர் நம்மிடையே யார்? கேம்பிரிட்ஜில் அவர் செய்த ஆய்வின் வழியே, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் அறிஞர்களோடு அவர் பெயரும் சேர்ந்து 1963இல் வெளிவந்த களிமண் பற்றிய கட்டுரையை உலகெங்கும் மண்பொறியியல் மாணவர் இன்றும் அறிவர். அவரே பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாகவும், பின்னர்த் திறந்த பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் துணைவேந்தராகவும் இருந்தார். போர்க்காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை மூடாமற் காத்தது களிமண் சூத்திரத்தினால் ஆன காரியமன்று.

இரண்டாவது தடையே நம்மை வருத்துவது. நான்கு ஆண்டு கற்பிப்பதற்கே தாயின் காதுத்தோடு அடகுக்கடைக்குப் போய்விடுகிறது. கொழுந்து பறிக்கும் தாய் நாட்கூலி ஆயிரம் ரூபாய் காண்பதற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அவளிடம் "இன்னும் ஓராண்டு பொறு, அம்மா, உன் மகள் சட்டமும் படிக்கட்டும்" என்று சொல்ல எமக்கும் நா எழவில்லை. ஆகவே அந்தச் சுமையை அவள் தோளில் ஏற்றக் கூடாது.

பேராதனையில் மகாவலியின் ஒரு கரையில் பொறியியற் பீடம் இருக்கிறது. மறுகரையில் கலைப்பீடம் இருக்கிறது. ஆற்றைக் கடக்கப் பாலம் உண்டு. பாடத்திட்டத்திலும் அத்தகைய பாலம் ஒன்று வேண்டும். பொதுப் பாடங்கள் சில பொறியியல் மாணவருக்கு இப்போதும் உள்ளன. அவை பெயரளவில் எழுதிக் கடக்கும் பாடங்களாக இராமல், காணிச் சட்டத்தையோ கிராமியப் பொருளியலையோ முழுமையாகக் கற்று, நான்கு ஆண்டுக்குள்ளேயே பட்டத்தின் கணக்கிற் சேர்க்க வழிசெய்ய வேண்டும். 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் முழு உறுப்பினராகச் சேர்ந்த வாஷிங்டன் உடன்படிக்கையும், பட்டதாரி எந்திரி சமூகப் பொறுப்பு, சூழல், ஒழுக்கநெறி ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும் என்றே விதிக்கிறது. வேலைக்குச் சென்ற பின் கற்க விரும்புவோர்க்குத் திறந்த பல்கலைக்கழகம் தமிழிலும் சட்டப் பட்டம் வழங்குகிறது. நம் இளம் எந்திரிகள் அதனை ஏன் நாடக் கூடாது?

கமக்காரர்களும் இதனைத் தமக்குரிய விடயமன்று என எண்ண வேண்டாம். நுவரெலியாக் கரட்டும் லீக்சும் மூட்டையாகக் கட்டுண்டு, லொறியில் நசுங்கி, பேலியகொடைச் சந்தையை அடைவதற்குள் படும் பாட்டை அவர்கள் அறிவார்கள். குளிரறை கட்ட எந்திரியால் முடியும். எந்தக் காய்க்கு எத்தனை குளிர், எந்த மாதத்தில் விலை வீழ்கிறது, கட்டிய கடன் எத்தனை போகத்தில் தீரும் என்று தெரியாத எந்திரி கட்டும் குளிரறை பூட்டிக் கிடக்கும்.

இனித் தொழிற்சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்திற் பிடிக்கப்படும் சந்தாவிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, பொறியியலோடு இன்னொரு துறையையும் கற்க முன்வரும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த மேலதிக ஆண்டின் செலவை ஏற்குமாறு கேட்கிறோம். வெவ்வேறு கொடிகளின் கீழ் நிற்கும் சங்கங்கள் இந்த ஒன்றிலாவது ஒரே நிதியாக வைத்தால், அடுத்த பெறுபேறுகள் வெளியாகுமுன் மஸ்கெலியாவிலிருந்தே அதனைத் தொடங்கலாம். எந்தச் சங்கம் முதலில் முன்வருகிறது என்பதை இப்பத்தியிலேயே அறிவிக்க நாம் காத்திருக்கிறோம்.