எல்.ஐ.சி. உச்சியில் எரியும் விளக்கு யாருடையது?



ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்தால் போதும், அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் மூவர்ண விளக்கில் நிற்கிற படம் டைம்லைன் முழுக்க ஓடும். நம்ம தோழர்களும் போடுறாங்க. போடட்டும், பார்க்க அழகாத்தான் இருக்கு. "கரண்ட் வீண்" என்று முகம் சுளிக்கிற கூட்டத்தில் நாம் இல்லை. எல்.இ.டி. விளக்குக்கு ஆகிற கரண்டை வைத்து அரசியல் பண்ண வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

நம்ம கேள்வி வேற. அந்தச் சுவரில் என்ன நிறம் எரியணும்னு சொல்ற உரிமை இன்னைக்கு யார்கிட்ட இருக்கு? நாளைக்கு யார்கிட்ட இருக்கும்?

அந்தக் கட்டடத்தை ஆரம்பித்தது தனியார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1953-ல் தொடங்கிய வேலை அது. 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டை அரசு கையில் எடுத்தது. இருநூற்று சொச்சம் கம்பெனிகள் ஒன்றாகி, அந்த வருஷம் செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. பாதியில் நின்ற கட்டடத்தை முடித்தது மக்கள் கட்டிய பிரீமியப் பணம். 1959 ஆகஸ்டில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது 177 அடி. கொஞ்ச காலம் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். தமிழ் சினிமாவில் ஊரிலிருந்து ஒருத்தன் பட்டணம் வந்துட்டான்னு காட்டணும்னா சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து எல்.ஐ.சி., அவ்வளவுதான். 1975-ல் தீப்பிடித்தும் நின்றது. 2023 ஏப்ரலில் உச்சியில் இருந்த பெயர்ப் பலகை எரிந்தபோது ஊரே பதறிப்போய் செல்போனைத் தூக்கிக்கிட்டு அண்ணாந்து பார்த்தது. வேற எந்த ஆபீஸ் கட்டடத்துக்கு அப்படிப் பதறுவோம்?

இப்போ நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பாருங்க. அலங்கார விளக்குக்கு உலகமே உதாரணம் காட்டுறது அதைத்தான். 1964-ல் வெள்ளை விளக்கு, 1976-ல் கலர் விளக்கு, 2012-ல் எல்.இ.டி. இன்னைக்கு ஒரு கம்ப்யூட்டரில் தட்டினால் எந்த நிறமும் வரும். தீபாவளிக்கு ஆரஞ்சு போட்டால் நம்ம ஊர் ஆளுங்களும் பெருமையா ஷேர் பண்றாங்க.

அந்த நிறத்தை முடிவு பண்றது யார்? கட்டட ஓனர். 2009-ல் சீனப் புரட்சியின் 60-வது ஆண்டுக்குச் சிவப்பு, மஞ்சள் போட்டாங்க. எதிர்த்துப் போராட்டம் நடந்தது, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. 2010-ல் அன்னை தெரசா நூற்றாண்டுக்கு நீலமும் வெள்ளையும் கேட்டாங்க. மறுத்தாங்க. அப்பவும் வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது, அப்பவும் மறுப்பு மாறவில்லை. இது தனியார் கட்டடம், மதத் தலைவர்களுக்கு விளக்குப் போடுவதில்லை என்பது எங்க கொள்கை என்று சொல்லி முடிச்சுட்டாங்க. எது சரி, எது தப்பு என்பதை விடுங்க. ஊரே பார்க்கிற வானத்தில் எரிகிற விளக்கு அது. கேட்க மட்டும் ஊருக்கு உரிமை இல்லை.

எல்.ஐ.சி.யில் அப்படிக் கைவிரிக்க முடியாது. ஏன் முடியாது என்பதற்கு நம்மகிட்டயே வரலாறு இருக்கு. அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், எல்.ஐ.சி. பணம் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய் முந்த்ரா என்ற ஒரு முதலாளியின் கம்பெனிகளில் போய் விழுந்தது. நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளுங்கட்சியின் பெரோஸ் காந்தி. பிரதமரின் சொந்த மருமகன்! நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், பதவி விலகினார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த மொரார்ஜிதான் மறுவருஷம் வந்து இதே கட்டடத்தைத் திறந்தார். மக்கள் சொத்து என்பதால்தான் அமைச்சரையே கூண்டில் ஏற்ற முடிந்தது.

அந்தச் சொத்து இப்போ என்ன ஆகிறது? 2022 மே மாதம் 3.5 சதவீதப் பங்கை சுமார் 20,557 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அரசு விற்றது. ஒரு பங்கு 949 ரூபாய் என்று விற்றார்கள். சந்தைக்கு வந்த முதல் நாளே அதற்குக் கீழே போனது, நம்பி வாங்கின பாலிசிதாரர் கையைச் சுட்டுக்கிட்டார். இதோடு நிற்காது. 2027 மே மாதத்துக்குள் பொதுப் பங்கு 10 சதவீதம் ஆகணும் என்று செபி கெடு வைத்திருக்கிறது. 2021-ல் திருத்திய சட்டப்படி முதல் ஐந்து வருஷம் அரசிடம் 75 சதவீதம் இருந்தால் போதும், அதற்குப் பிறகு 51. அந்த ஐந்து வருஷமும் 2027 மே மாதத்தில்தான் முடிகிறது.

"51 இருந்தாலும் அரசு நிறுவனம்தானே?" என்று கேட்பார்கள். சட்டப்படி ஆமாம். ஏர் இந்தியாகூட முழுசா அரசுடையதாத்தான் இருந்தது. 2022 ஜனவரியில் கைமாறியது. சம்பளம், பதவி உயர்வு என்று முன்பே ரிட் மனு போட்டிருந்த ஊழியர்களிடம், இனி இது தனியார், ரிட் செல்லாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மும்பை நாரிமன் பாயின்ட்டில் கடலைப் பார்த்து நிற்கிற ஏர் இந்தியா கட்டடம் தெரியுமில்லையா? அதைத் தனியாகப் பிரித்து விலை பேசினாங்க. கடைசியில் 1,601 கோடி ரூபாய்க்கு வாங்கியது மகாராஷ்டிர அரசு. மக்கள் கட்டடத்தை மக்கள் பணத்திலேயே இன்னொரு தடவை வாங்கியிருக்கோம்!

பங்கை ஒரு பக்கம் வித்துக்கிட்டே, மறுபக்கம் அதே சுவரில் தேசியக் கொடி நிறத்தை அடிச்சுக் காட்டுறாங்க. கீழே நின்று நாம செல்பி எடுத்துட்டு வர்றோம்.

அடுத்த முறை எல்.ஐ.சி. படத்தைப் போடும்போது ஒரு வேலை பண்ணுங்க தோழர்களே. உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணுங்க. 2027 மே மாதத்துக்குப் பிறகு எல்.ஐ.சி.யில் அரசின் பங்கு எவ்வளவு இருக்கும், இதை அவையில் கேட்டீங்களா என்று ஒரே வரி எழுதுங்க. பாலிசி இருக்கிறவங்க, "நானும் பாலிசிதாரர்" என்று சேர்த்துப் போடுங்க. பதில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க, தொகுதிவாரியாக வெளியிடுவோம்.

#எல்ஐசி_மக்கள்சொத்து